கேட்சர் வீட்டுச் சாட்சி

என் வீட்டுக்காரர் ஹார்லன் பொருளாதாரப் பேராசிரியர். பேஸ்பால் வரலாறும் எழுதுகிறவர். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்று எவனாவது சட்டம் போட்டிருந்தால் என் ஆயுசு கொஞ்சம் நிம்மதியாகக் கழிந்திருக்கும். கல்லூரியில் அவருடைய துறைக்காரர்கள், "பிரமாதமா எழுதியிருக்கே ஹார்லன், ஆனா இது விளையாட்டுப்பா, பொருளாதாரம் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே பதவி உயர்வை இழுத்தடித்தார்கள். பேஸ்பால் பைத்தியங்களோ முதல் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் வரைபடத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார்கள். அச்சடித்ததில் பாதி இன்னும் எங்கள் கார் கொட்டகையில்தான் கிடக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பெட்டிகளை நகர்த்தி வைப்பதும் நான்தான்.

தேனிலவுக்கு என்னை எங்கே கூட்டிப்போனார் தெரியுமா? இடித்துத் தள்ளிய ஒரு பழைய மைதானத்துக்கு. அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் வந்திருந்தது. ஒரு ரொட்டிக் கம்பெனி வேனுக்கு அடியில் விரலை நீட்டி, "மார்லிஸ், இங்கதான் ஹோம் பிளேட் இருந்தது, மட்டைக்காரன் நின்னு அடிச்ச இடம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இந்த மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. அதற்குள் கடைசிப் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விஷயம் பழைய விதி ஒன்றைப் பற்றியது. அந்தக் காலத்தில் ஒருவன் ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. அந்தக் கிளப்பே மனசு வைத்து விடுவித்தாலொழிய வேறு எங்கும் ஆட முடியாது. பெரிய அணிக்கு ஏற்றவும் மாட்டார்கள், அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். சின்ன ஊர் அணிகளில் பேருந்திலேயே அலைந்து முழங்கால் போய்விடும். அந்த விதி மனிதர்களின் வாழ்க்கையைத் தின்றுவிட்டது என்பதுதான் ஹார்லனின் வாதம். கைப்பிரதியைப் படித்த பதிப்பகத்தார், வாதமெல்லாம் சரி, ஆனால் அப்படித் தின்னப்பட்ட ஒரே ஓர் ஆளாவது தன் வாயால் சொல்லட்டும், இல்லாவிட்டால் எங்களுக்கு இந்தப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? முக்கால்வாசிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தேடித் தேடிக் கடைசியில் அயோவாவில் ஒருவர் அகப்பட்டார். எமில் கோலார், கேட்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் காவல் இருப்பவர். இளமை முழுவதும் கீழ்மட்ட அணியிலேயே குந்திக் குந்திப் பந்து பிடித்து, முழங்கால் போன பிறகு ஊர் திரும்பிச் சோளம் போட்டவர். கிளம்பினோம். வண்டி நான்தான் ஓட்டினேன். ஹார்லன் ஓட்டினால் வழியில் தெரிகிற மைதானத்தையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் இறக்கிவிடுவார்.

எமில் சமையலறை மேசையில் எங்களுக்காகக் காத்திருந்தார். வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்தன. அவர் மனைவி ஆக்னஸ், உலர்ந்த பிளம் வைத்த கொலாச்சி பன்களை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஹார்லன் டேப் ரெக்கார்டரை மேசை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

"உங்களை அடைச்சு வச்சுட்டாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"யாரு அடைச்சா? நான் அவ்வளவுதான் வாத்தியாரே. மேல இருந்தவன் என்னைவிட நல்லாப் பிடிச்சான். சம்பளமில்லாம சும்மா ஆடச் சொல்லியிருந்தாலும் ஆடியிருப்பேன்."

ஹார்லனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சும்மா என்று உலகத்தில் எதுவுமே கிடையாது என்று காலமெல்லாம் வகுப்பெடுத்தவர் அவர். மாற்றி மாற்றிக் கேட்டார். வேறு கிளப்புக்குப் போக ஆசைப்பட்டதில்லையா? கோபமே வந்ததில்லையா? எமில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். பேருந்துக்குள் ஒருவன் கோழி வளர்த்த கதை, மழையில் பந்து காணாமல் போன கதை. ஹார்லன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு மறுபடியும் அதே கேள்விக்கு வந்தார். எனக்கே பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் யாருக்காக வழக்காடினாரோ, அந்த ஆளே வழக்கு வேண்டாம் என்கிறார்.

கடைசியில் ஹார்லனுக்குப் பொறுக்கவில்லை.

"எமில், உங்களை வேற ரெண்டு பெரிய கிளப் கேட்டுது. உங்க கிளப் ஆபீஸ்ல வேலை பாத்தவர் எங்கிட்ட நேர்ல சொன்னாரு. உங்களை விட மாட்டோம்னுட்டாங்க. மேல இருந்தவனுக்கு அடிபட்டா ஒரு ஆள் வேணும்னு கையில வச்சிருந்தாங்க. நீங்க பெரிய அணிக்கு ஆடுற ஆள்தான்."

எமில் ஒரு கொலாச்சியை எடுத்தார். கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்படியா" என்றார். "இருக்கட்டும் வாத்தியாரே. நான்தான் சொன்னேனே, சும்மா ஆடச் சொன்னாலும்..."

"நிறுத்து எமில்."

ஆக்னஸ்தான். அடுப்பை அணைத்துவிட்டு, கைத்துணியோடு மேசை அருகே வந்து நின்றாள்.

"நீ சும்மாதான் ஆடினே. கோழிப் பண்ணையில நாள் முழுக்க நின்னது யாரு? வருஷா வருஷம் பனி உருகினதும், இந்தத் தடவை மேல கூப்புடுவாங்க ஆக்னஸ்னு பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்புவே. பொண்ணு பொறந்தப்போ நெப்ராஸ்காவுல பெஞ்சுல உக்காந்திருந்தே. அவ கண்ணை மூடினப்பவும் அங்கதான் உக்காந்திருந்தே. வந்தா இடம் போயிடும்னே. நான் உன்னை ஏன் மன்னிச்சேன் தெரியுமா? இவனுக்கு ஆட்டம் வரலை, பாவம், முட்டிப் பாக்குறான்னு நெனைச்சேன். வராத மனுஷன்கிட்ட என்னத்தைக் கோவிச்சுக்கிறதுன்னு விட்டேன். இப்போ இவரு வந்து, நீ நல்லாத்தான் ஆடினேங்கிறாரு."

அவள் குரலை உயர்த்தவில்லை. எமில் தன் கோணல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"எடுத்துக்கிட்டாங்க வாத்தியாரே. என்கிட்டயிருந்து எடுத்தாங்க, அவகிட்டயிருந்தும் எடுத்தாங்க. எனக்குத் தெரியாம இல்ல. அதைத் தெரியும்னு வச்சுக்கிட்டு எப்படி வாழுறது, சொல்லுங்க. சும்மா ஆடியிருப்பேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா தூக்கம் வரும். எழுதிக்கோங்க."

ஹார்லனுக்கு முகமெல்லாம் ஒளி. ரெக்கார்டரைக் குனிந்து பார்த்தார். அது ஓடவில்லை.

எப்படி ஓடும்? ஆக்னஸ் வாயைத் திறந்தவுடனே இவர் கட்டைவிரல் தானாகப் போய் நிறுத்திவிட்டது. பெண்டாட்டிமார் பேசினால் டேப் வீண் என்பது இவருடைய கணக்கு. முந்தைய புத்தகங்களுக்காகப் போன எத்தனையோ சமையலறைகளில் நான் பார்த்ததுதான். எமில் பேச ஆரம்பித்ததும் நான் மேசைக்கடியில் இவர் காலை இடித்தேன், ரெக்கார்டரைக் காட்டினேன். திரும்பிப் பார்க்காமலே, பேசாமல் இரு என்று உள்ளங்கையைக் காட்டினார்.

"எமில், இன்னொரு தடவை சொல்ல முடியுமா? அப்படியே, அதே மாதிரி?"

"இன்னொரு தடவையா?" எமில் எழுந்தார். "ஒரு தடவை சொல்றதுக்கே எனக்கு இவ்வளவு காலம் ஆயிடுச்சு." பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஹார்லன் வாசல்வரை போய் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். ஆக்னஸ் மிச்சமிருந்த பன்களை அலுமினியத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

காரில் ஏறிச் சோளக்காட்டுச் சாலைக்கு வரும்வரை ஹார்லன் ரெக்கார்டரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ பக்கத்துலதானே இருந்தே மார்லிஸ். ஓடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொன்னேன். காலை இடிச்சேன். கையைக் காட்டி அடக்கினீங்க."

"நானா? எப்போ?"

பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"சரி, விடுங்க. நான் எல்லாத்தையும் கேட்டேன். ஒரு வார்த்தை விடாம எழுதித் தர்றேன். கீழ என் பேரைப் போட்டுக்கோங்க. நான் சாட்சி."

அவர் முதலாண்டு மாணவனுக்குச் சொல்கிற மாதிரி, வெகு பொறுமையாகச் சொன்னார்: "நீ என் பெண்டாட்டிம்மா. உன் பேச்சை யாரு சாட்சின்னு எடுத்துப்பாங்க?"

"அப்போ ஆக்னஸ்?"

"அவங்க ஆடலையே."

வண்டியைச் சாலையோரம் நிறுத்தினேன். அவர் மடியிலிருந்து ரெக்கார்டரை எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

"என்ன மார்லிஸ், எதையாவது மறந்துட்டியா?"

"ஆமா. செத்துப்போன அந்தப் பொண்ணு பேரு என்னன்னு நாம யாரும் கேக்கலை. நான் போய் ஆக்னஸைக் கேட்டுட்டு வர்றேன். நீங்க வண்டியிலேயே இருங்க."

நான் வண்டியைத் திருப்பினேன்.