பேச்சுக்கு ஒதுக்கிய இடம்

1

இந்தக் கதை எனக்குப் போடியில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலையில் இருந்த இவாஞ்சலின் முக்கால்வாசி சொல்லிவிட்டு, கை கழுவ எழுந்து போனவள் திரும்பவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி விலகாத மேகமலையின் பச்சைச் சரிவுகளில் ஓர் இனிய...'

(வேண்டாம். இதில் ஒருத்தி சாகப் போகிறாள்.)

2

இவாஞ்சலின் தேனியில் ஒரு செல்போன் கம்பெனி இன்ஜினியர். மலை டவருக்குக் கிடைத்திருக்கும் அலைவரிசை கொஞ்சம். பேச்சும் அதில்தான் போக வேண்டும், வீடியோவும் அதில்தான். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது அவள் வேலை.

ஆயுத பூஜை விடுமுறைக்கு மலையில் விடுதிகள் நிரம்பின. வீடியோ ஓடவில்லை என்று புகார்மேல் புகார்.

"பட்டன் போன்ல யாரும்மா பேசப் போறாக? பேச்சுக்கு உள்ளதைக் குறைச்சு டேட்டாவுக்குக் குடுத்துரு" என்றார் மேலாளர் எபனேசர்.

தயங்கினாள். பிறகு குறைத்தாள். புகார்கள் நின்றன.

3

மறுநாள் மத்தியானம் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த சோணையம்மாளைப் பாம்பு கடித்தது. புருஷன் பொன்னுராஜ் தன் பட்டன் போனில் ஜீப்புக்காரன் முத்துராஜாவை அழைத்தார். போகவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் மனைவியை, உடன் வேலை பார்த்தவர்களிடம் விட்டுவிட்டு ஜீப்பைத் தேடி ஓடினார்.

முத்துராஜா ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் கைப்போனில் சினிமா தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

(இந்த இடத்தில் அவளைப் பிழைக்க வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஊசி போட்டார்கள், கண் திறந்தாள், தண்ணீர் கேட்... கிழித்துவிட்டேன். சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது.)

4

எஸ்டேட்டிலிருந்து புகார் வந்து, இவாஞ்சலின் மலையேறினாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டு வாசலில் பொன்னுராஜ் அந்தப் போனை அவளிடம் நீட்டினார்.

"எத்தன தடவ அடிச்சேன் தாயி. பிஸி, பிஸின்னே சொல்லுச்சு. அம்புட்டுப் பேரும் அன்னைக்கு என்னதான் பேசிக்கிட்டு இருந்தாக?"

அன்று யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"மக நல்ல போனா வாங்கித் தாரேன்னா. நாந்தேன் வேணாம்னேன். எம் போன்லதேன் கோளாறு, இல்ல? நாந்தேன் அவளக் கொன்னுட்டேனா?"

5

அன்று சாயங்காலமே அவள் பேச்சுக்கு உரியதைப் பேச்சுக்குத் திருப்பிவிட்டாள். எபனேசர் திட்டினார். பந்தியில் என்னிடம் அதுவரைதான் சொன்னாள்.

பொன்னுராஜுக்கு என்ன பதில் சொன்னாள்? அதைத்தான் சொல்லாமல் எழுந்து போனாள்.

'உங்க போன்ல ஒண்ணுமில்லண்ணே, நான்தான்' என்று எழுதிப் பார்த்தேன். அவர் முகத்தை அதற்குப் பிறகு எழுத முடியவில்லை. 'ஆமாண்ணே, பழைய போன்...' என்று எழுதினேன். பேனாவை மூடிவிட்டேன்.

பொன்னுராஜ் வாசலில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள். ஆனால், அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.