எட்டுப் பச்சைப் புள்ளிகள்

1

இந்தக் கதை என் மனதில் பல நாள் ஊறிப் பிறந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். அவள் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. வேறு ஊரில், ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள்.

"நீ எழுதறவன்தானே? எனக்கு ஒரு வாக்கியம் வேணும்."

"என்ன வாக்கியம்?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒரு பொண்ணு டி.சி. வாங்க வருவா. ஏழாம் வகுப்பு. அவ போறதுல எனக்கு இஷ்டமில்ல. அவகிட்ட முதல்ல என்ன பேசணும்னு சொல்லு. முதல் வாக்கியம் மட்டும் போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இருபது வருடமாகக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கதை வருகிறது. (என் வழக்கமே இதுதான். கடைக்குப் போகச் சொன்னால் கடையைப் பற்றி எழுதுவேன்.)

2

முதல் தொடக்கம்: அந்தப் பள்ளியில் மணியே அடிப்பதில்லை, ஏனென்றால் அங்கே நேரம் என்பது —

பொய். மணி அடிக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். கணக்கு வாத்தியார் இரண்டு காலிலும் நின்று தடுத்துவிட்டார்.

இரண்டாம் தொடக்கம்: பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே உள்ள வயது ஒரு பாலம் —

வேண்டாம். பாலம் என்று எழுதிவிட்டால் அடியில் தண்ணீர் ஓடவிட வேண்டியிருக்கும்.

சும்மா சொல்லிவிடுகிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்பு ஒரு பெரிய பள்ளியின் இரண்டாம் மாடியில் கிடந்தார்கள். கீழே சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், மேலே பெரிய பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம். நடுவில் இருந்தவர்களுக்குப் படிக்கட்டு. குழந்தை என்று கூப்பிட்டால் கோபப்படுவார்கள், பெரியவர்களாகிவிட்டீர்கள் என்றால் அழுவார்கள். இவர்களுக்கென்று தனிப் பள்ளி வேண்டுமென அக்கா நான்கு வருடம் தலையால் தண்ணீர் குடித்து ஒரு கட்டடம் வாங்கினாள். அங்கே மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டுவதில்லை. சாப்பிடும்போது எவரும் தனியாக உட்கார வேண்டியதில்லை. தனியாக உட்கார விரும்பினால் அதற்கும் ஜன்னலோரம் ஒரு மேசை உண்டு.*

* அந்த மேசையில் பெரும்பாலும் அக்காதான் சாப்பிடுகிறாள். இதை எழுதியது தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

3

பள்ளி திறந்த இரண்டாம் வாரம் ஆசிரியர் அறையில் ஒரு கூட்டம். நூற்று இருபத்தாறு பிள்ளைகளின் பெயர்களும் சுவரில் ஒட்டியிருந்தன. பதினோரு பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு தாள் நிறையப் பச்சைப் புள்ளிகள், பின்னால் பசை தடவியவை. உண்மையாகவே உங்களுக்குத் தெரிந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி ஒட்டுங்கள் என்றாள் அக்கா. மதிப்பெண் தெரிந்தால் போதாது.

விளையாட்டு வாத்தியார் வரிசையாக எல்லாப் பெயருக்கும் ஒட்டத் தொடங்கினார்.

"எல்லாரையும் தெரியுமா சார்?"

"தெரியுமே டீச்சர்! யார் எவ்வளவு வேகமா ஓடுவாங்கன்னு சொல்லட்டுமா?"

"ஓடாதப்ப எப்படி இருப்பாங்கன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பாதிக்கு மேல் பிய்த்தெடுத்தார். முடிவில் பத்தொன்பது பெயர்களுக்கு எதிரே ஒரு புள்ளிகூட இல்லை. எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயர்களைத் தனியே எழுதினார்கள். பிறகு அந்தப் பத்தொன்பது பேரையும் ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இனி இந்தப் பிள்ளை என் பொறுப்பு, தினமும் இரண்டு நிமிஷமாவது பேசுவேன் என்று. அக்காவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு மட்டும் எட்டுப் புள்ளிகள். பள்ளியிலேயே அவளுக்குத்தான் அதிகம். இந்தப் பொண்ணைப் பத்திக் கவலையே வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். அதன்படி யாரும் கவலைப்படவில்லை.

4

நான்கு மாதம் கழித்து எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். ஒரே கேள்வி: உனக்கு ஒரு கஷ்டம் என்றால் இந்தப் பள்ளியில் யாரிடம் போவாய்? பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு பெயர் எழுதியிருந்தார்கள். எட்டுப் புள்ளிக்காரியின் சீட்டில் அவள் பெயர் இருந்தது, வகுப்பு இருந்தது, கேள்விக்குக் கீழே ஒன்றும் இல்லை. சீட்டுகளை வாங்கி வகுப்புவாரியாக அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான்.

அக்கா அந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டாள். எட்டில் ஒருத்தி அக்காவேதான் என்பதால் கூப்பிட வேண்டியிருந்தது ஏழு பேரை. அந்தப் பெண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள்.

"நோட்டெல்லாம் தூக்கிட்டு வருவா."

"புதுசாச் சேர்ற பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் எல்லா இடத்தையும் காட்டுவா."

"நூலகத்துல புத்தகத்துக்கெல்லாம் அட்டை போடுவா. நான் சொல்லவே வேண்டாம்."

ஏழு பேரும் ஒன்றையே ஏழு விதமாகச் சொன்னார்கள். எட்டாவதாக அக்காவுக்கு ஒன்று நினைவு வந்தது. சுவரில் பெயர்களை ஒட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இந்தப் பெண். இது எதுக்கு டீச்சர் என்று கேட்டாள். புள்ளி வச்சவங்க அந்தப் பிள்ளையைத் தேடி வந்து பேசுவாங்க என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். கூட்டம் முடிந்து சுவரிலிருந்து தாள்களைப் பிரித்தெடுத்தவளும் அவள்தான். தன் பெயருக்கு எதிரே எட்டுப் புள்ளிகளைப் பார்த்திருப்பாள். எட்டுப் பேர் வருவார்கள் என்று நினைத்திருப்பாள்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா விண்ணப்பத்தோடு வந்தார். "அவளாத்தான் வேற ஸ்கூல் கேக்கறா டீச்சர். ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

5

எனக்கு அந்தப் பெண்மேல் சந்தேகம். இவ்வளவு நல்ல பிள்ளையை எந்த வாசகர் நம்புவார்? நகம் கடிப்பாள் என்று எழுதினேன், அடித்தேன். அப்பாவிடம் எரிந்து விழுவாள், மழை என்றால் — அடித்தேன். எட்டுப் பேருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஞாயிறு முழுக்க வாக்கியங்களோடு மல்லுக்கட்டினேன். மூன்றை அக்காவிடம் சொன்னேன்.

"ஏன்மா போறே?"

"அது அதிகாரி கேக்கற கேள்வி."

"எங்க தப்புதான், மன்னிச்சிடு."

"அப்புறம் அவ எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சிடுவா. அதையும் நல்லாவே செய்வா."

"உன்னை எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்."

"'என்கிட்ட எதைப் பிடிக்கும்?'னு அவ கேட்டா என்ன சொல்றது?"

போனை வைத்தேன். முடிவுகளையாவது எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முடிவு (அ): பெண் வாய்விட்டு அழுகிறாள், இருவரும் மாற்றுச் சான்றிதழைக் கிழித்துப் போடுகிறார்கள். (அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அதைக் கிழிச்சா நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதணும்டா" என்றாள்.)

முடிவு (ஆ): அவள் போய்விடுகிறாள். புதிய பள்ளியில் முதல் நாளே யாரோ அவளிடம் ஒரு கட்டு நோட்டை நீட்ட, அவள் —

இதை முடிக்க மனசு வரவில்லை.

பாத்திரத்தை வலுவாக்க வேண்டும் என்று, அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். என்னைக் கல்லூரியில் சேர்த்தது அவள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாற்பது நாள் கூடவே இருந்தது அவள். நான் வீடு மாறும்போதெல்லாம் லீவு போட்டு வந்து பெட்டி கட்டிக் கொடுத்தது அவள். அரைப் பக்கம் வந்தது. அத்தனையும் எனக்காக அவள் செய்த வேலை. வேறு ஒரு வரி தேறவில்லை. வெட்கமாக இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டேன், இந்தப் பத்தியையும் எடுத்துவிடத்தான் நினைத்தேன்.

6

திங்கள் பத்து மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா சாயங்காலம்தான் கூப்பிட்டாள்.

"வந்தா. உட்காருன்னேன். உட்காரல. 'என்ன செய்யணும் டீச்சர்?'னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உட்காருன்னேன். அவளுக்கு அது புரியலடா. மேசையில இருந்த காகிதத்தை எடுத்து அடுக்கப் போனா. கையைப் பிடிச்சு உட்கார வச்சேன். எனக்கும் வேற ஒண்ணும் தோணல. மணி அடிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் பேசாம உட்கார்ந்திருந்தோம்."

"டி.சி.?"

"எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தா. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன் டீச்சர்னு போயிட்டா."

நாளை அவள் எதற்கு வருகிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். வாங்கவா, இன்னொரு தரம் உட்காரவா? எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

"சரி, கதைக்கு இது போதும்ல? வைக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"வைக்காதேக்கா."

"ஏன்டா, வேற என்ன வேணும்? ஊருக்கு வரணுமா? ஏதாவது கையெழுத்துப் போடணுமா?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். அவளுக்கும் அது புரியவில்லை.