இறங்க மறுத்த சரிவு

மலை உச்சியில் நின்று கீழே பார்த்தாள் மரிசேலா. அடிவாரத்தில் காட்டுத்தீ. மேலேயிருந்து அதை நோக்கி இறங்கி, புதரை வெட்டித் தடுப்புக் கோடு போட வேண்டுமாம். உத்தரவு போட்டவர் ஹால்வர்சன். இடாஹோ மாநிலத்தின் இந்தப் பகுதிக்கு வந்திருக்கும் தீயணைப்புக் குழுக்களுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. காற்று திரும்பினால் தீ மேல்நோக்கி ஓடி வரும். அந்த ஓட்டத்தை எந்த மனுஷனும் ஜெயித்ததில்லை. மரிசேலாவின் குழுவில் இருபது பேர்.

"முடியாது சார். தப்பிச்சு ஓட வழி இல்ல. காத்தைப் பாத்துச் சொல்ல ஆள் இல்ல. என் ஆளுங்களை இறக்க மாட்டேன்."

"கீழ நாலு வீடு இருக்கும்மா."

"வேட்டைக்கு வர்றவங்க தங்குற குடிசை. நாலும் பூட்டிக் கிடக்கு. காலைல நானே போய்ப் பாத்தேன்."

"வாய் நீளுது. அடுத்த வருஷம் எந்தக் காட்டுலயும் உனக்கு வேலை கிடைக்காது, தெரியுமில்ல?"

தெரியும். பதினோரு வருடம் புகையைத் தின்று வாங்கிய குழுத்தலைவி பதவி. தலைவர் என்றால் முன்னால் ஓடுகிறவர் என்று சிலருக்கு நினைப்பு. முன்னால் ஓட ஒரு குதிரை போதாதா?

ஹால்வர்சன் வாக்கி-டாக்கியை எடுத்தார். "டாக்கெட், உன் குழுவைக் கூட்டிட்டு வா. சரிவுல ஒரு வேலை."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு குழு மறுத்த வேலையை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தால், மறுத்ததையும் காரணத்தையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பலரைப் புதைத்த பிறகு எழுதிய விதி அது.

"சொல்லிட்டுக் கூப்பிடுங்க சார்."

"உன் வேலையைப் பாரு."

மரிசேலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த டாக்கெட் கோடை முழுக்க அவளைக் கிண்டலடித்தவன். அவன் இறங்கி வேலையை முடித்துவிட்டால், பயந்தாங்கொள்ளி என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிடும். நிலைக்கட்டும் என்று தன் வாக்கி-டாக்கியை அமுக்கினாள். மலை முழுக்க எல்லாக் குழுக்களுக்கும் கேட்டது.

"டாக்கெட், மரிசேலா பேசறேன். இந்த வேலையை நாங்க மாட்டோம்னுட்டோம். ஓட வழி இல்ல, காத்தைப் பாக்க ஆள் இல்ல. தெரிஞ்சுக்கிட்டு வா."

"என்ன மகாராணி, நெருப்பு சுடுதா?"

"சுடும்டா. வந்து பாரு."

வந்தான். பத்து நிமிடம் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றான். தீ சோம்பலாகத்தான் புகைந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

ஹால்வர்சன் மறுப்புப் படிவத்தை ஜீப்பின் மேல் வைத்தார். "கையெழுத்துப் போடு. இது மேலிடத்துக்குப் போகும். அத்தோட உன் கதை முடிஞ்சுது."

"கீழ இறங்கினாத்தான் சார் கதை முடியும்."

ஒரு எழுத்து விடாமல் முழுப்பெயரையும் எழுதினாள். பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தம்.

டாக்கெட் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்ன, பக்கம் பூரா உன் பேரையே எழுதி வெச்சிருக்க? நகரு. என் ஆளுங்களுக்காக நான் எங்க கையெழுத்துப் போடறது?"