பழுப்புக் காளையும் குட்டிக் குச்சிகளும்

சித்தப்பாவின் பழுப்புக் காளை செத்துக் கிடக்கிறது என்று பட்டியிலிருந்து தகவல் வந்ததும் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டேன். எங்கள் கரமோஜா மேய்ச்சல் நாட்டில் ஆண்பிள்ளைக்குச் செல்லக் காளையின் பேர்தான் பேர். அவரை ஊரே அபாலொங்கோர் என்று கூப்பிடும். பழுப்பனின் அப்பன் என்று பொருள்.

குடல் பார்த்துக் குறி சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெட்டிய மாட்டின் குடலைப் பரப்பி, கொள்ளைக்காரர் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். அன்றும் கத்தியோடுதான் நின்றார். காளையின் மூக்கிலிருந்து உறையாத கருப்பு ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அது ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயின் அடையாளம். பெண்கள் வேறு கறிக்குச் சட்டியோடு காத்திருந்தார்கள்.

"கத்தியைக் கீழ வைங்க சித்தப்பா. வயித்தைத் திறந்தா நோய் மண்ணுல இறங்கிடும். நீங்களும் போவீங்க, பட்டியும் போகும்."

"ஏன் செத்தான்னு அவன் குடல்தான் சொல்லணும். உன் ஊசியா சொல்லும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கால்நடை ஆஸ்பத்திரித் திமிர் என்று ஒருத்தன் முணுமுணுத்தான். ஆமாம், திமிர்தான். வேலை தெரிந்தவளுக்கு இருக்கத்தானே செய்யும்.

கையுறை போட்டு, காளையின் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். கண்ணாடித் துண்டில் தடவிக் காயவைத்து, நீலச் சாயம் விட்டு, வெயில் விழும் பாறையில் நுண்ணோக்கியை வைத்தேன். வாதாடிப் பிரயோஜனமில்லை. பார்த்துச் சொல்கிறவர்தானே, பார்க்கட்டும் என்று அவரையே கூப்பிட்டேன்.

ஒற்றைக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். "நீலக் குச்சிங்க" என்றார்.

"அதுதான் நோய்க் கிருமி. பேசிலஸ்னு பேரு. லத்தீன்ல குட்டிக் குச்சின்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரிஞ்சதையே பேரா வெச்சுட்டாங்க."

மறுபடி குனிந்தார். குடலில் தடம் பிடிப்பது போல அவர் விரல் காற்றில் ஊர்ந்தது.

"ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது. இது கொள்ளைக்காரன் நடை. பழுப்பன் வயித்துக்குள்ள அடைஞ்சு கிடக்கானுங்க. யாரும் கதவைத் திறக்கக் கூடாது."

கத்தியை உறையில் போட்டார். ஆண்கள் விறகு சுமந்து வந்து காளையைச் சுற்றி அடுக்கினார்கள். காலிச் சட்டியோடு திரும்பிய பெண்கள் மட்டும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும், உயிரோடுதானே திட்டுகிறார்கள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. காலையில் சித்தப்பா காளையை எழுப்பப் பார்த்துத் தன் மேய்ச்சல் கோலால் மூக்கில் தட்டியிருக்கிறார். நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் இந்தப் பேரை வாங்கிய வருஷம் வெட்டிய கோல் அது. அதையும் எரிக்க வேண்டும் என்றேன். அந்தக் கோலாலேயே என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் அதைக் காளையின் முதுகோரமாக, ஓட்டிக்கொண்டு போவது போலச் சாய்த்து வைத்தார். தீயையும் அவரே மூட்டினார்.

"கோல் போகட்டும். பேரை நான் வெச்சுக்கிறேன்" என்றார். "நாளைக்கு உன் ஊசியை எடுத்துட்டு வா. மிச்ச மாடுங்க இருக்கு."