கரும்பாறை எக்ஸ்ரே அறையின் அட்டைகள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களா. வாசல் பக்கம் இருப்பவர் உள்ளே தள்ளி வாருங்கள், சாரல் அடிக்கிறது. மழை விடுகிறவரைக்கும் ஒரு சங்கதி சொல்கிறேன், நடந்தது நடந்தபடி.

2014-ஆம் வருஷம் சித்திரை பிறக்க ஆறு நாள் இருக்கையில், போடிமெட்டு மலைப்பாதையில் உள்ள கரும்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரைத் தேடி முதல் அட்டை வந்தது. ரத்தம் குடிக்கிற அதே அட்டைதான். ஏலத்தோட்டத்து மண் வெயிலில் வெடித்துக் கிடந்த நேரம் அது. அந்த மாதங்களில் அட்டை மண்ணுக்கடியில் நூலாகச் சுருண்டு கிடக்கும், யார் காலையும் தேடாது. இது தேடியது. டெலிபோன் வயர் மேலேயே நடந்து வந்து, வயர் நுழைகிற ஓட்டையில் தலையை நீட்டி, எக்ஸ்ரே அறைக்குள் எட்டிப் பார்த்தது. மறுநாள் நாற்பது வந்தன. வாரக் கடைசியில் வயரே கண்ணுக்குத் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் கறுப்புக் கயிறு ஒன்று மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

எக்ஸ்ரே எடுப்பவள் பெயர் மகா. அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒருமுறை நெஞ்சுப் படம் எடுத்து அந்தக் கம்ப்யூட்டரில் வைப்பது அவள் சோலி. கம்ப்யூட்டர் எக்ஸ்ரே மெஷினோடு சேர்ந்தே வந்தது. அந்த மெஷினுக்கு அந்தக் கம்ப்யூட்டரின் பேச்சு மட்டும்தான் புரியும், வேறு எதை வைத்தாலும் வாய் திறக்காது. மெஷின் செய்தவர்கள் எப்போதோ கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். அட்டை வந்ததும் மகா போடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ராம்பிரசாத்துக்குப் போன் செய்தாள். அவன் ஜீப்பில் வந்து பார்த்தான், வயரைப் பார்த்தான், தேதியைக் கேட்டான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"சிஸ்டம் பழசாயிருச்சுக்கா. இதைச் செஞ்சவங்க, இனிமே இதைக் கவனிக்க மாட்டோம்னு கையைக் கழுவிட்டாங்க. ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கிடையாது. அது இதுகளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு."

மலைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கதவில்லாத வீட்டை நாய்க்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ராம்பிரசாத் அன்றைக்கே கம்ப்யூட்டருக்குப் பிரிகிற வயரை மட்டும் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினான். கம்ப்யூட்டருக்கு இரண்டு சாவி என்றும் சொன்னான். ஒன்று எஜமான் சாவி, அதை வைத்திருப்பவர் உள்ளே எதையும் மாற்றலாம். மற்றது வேலைக்காரச் சாவி, எடுக்கலாம், வைக்கலாம், அவ்வளவுதான். எஜமான் சாவியை ஒரு தாளில் எழுதி, பீரோவில் பூட்டி, மகா அன்றுமுதல் வேலைக்காரியாக மட்டுமே உள்ளே போய்வந்தாள். பாட்டு இல்லை, படம் இல்லை, எக்ஸ்ரே தவிர வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை எல்லாப் படங்களையும் சி.டி. தட்டுகளில் எழுதித் தகரப்பெட்டியில் போட்டு வைத்தாள்.

ஆனால் காவலில் பாதியைச் செய்தது ராம்பிரசாத் அல்ல, அங்கே கூட்டித் துடைக்கிற ஒச்சம்மாள். ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழைக்காலத்தில் வேலை விட்டு வந்தால் நேராக லயத்து வீட்டுக்குள் போக மாட்டார்கள். வாசலில் உட்கார்ந்து, கால்விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள். குச்சி நுனியில் துணியில் கட்டிய உப்பு முடிச்சு எல்லா வாசலிலும் தொங்கும். அட்டை இருந்தால் ஒரு ஒத்து, விழுந்துவிடும். தன் காலைத் தான் பார்த்தால் போதாது, இன்னொருத்தர் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ராம்பிரசாத் ஏதோ போட்டுப் பார்க்கலாம் என்று சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தபோது, ஒச்சம்மாள் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"அப்பு, அது எங்கெங்க போயிட்டு வந்துச்சு?"

"என் சொந்தப் பென் டிரைவுதான்க்கா. சுத்தமானது."

"எல்லாரு காலும் சொந்தக் காலுதான். இங்கிட்டுக் கொண்டா."

வெள்ளைத் துணியில் அதை வைத்து, அதன் தகர வாயில் உப்பு முடிச்சால் மூன்று முறை ஒத்தினாள். ஏழு அட்டைகள் வந்தன. ஒன்று கட்டைவிரல் தடிமன். ராம்பிரசாத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நேத்து ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் போட்டேன்," என்றான். "பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு ஒச்சம்மாள் துணியை உதறப் போனாள்.

அதற்கப்புறம் நான்கு வருஷம் ஒரு குறையுமில்லை. எஸ்டேட் ஆபீசில் கொடுத்தது, மேனேஜர் மைத்துனர் நீட்டியது, எதுவானாலும் உப்பில் ஒத்தாமல் நிலைப்படி தாண்டவில்லை, ஒத்தின பிறகும் முக்கால்வாசி தாண்டவில்லை. அட்டைகள் போய்விடவும் இல்லை. நாள் ஆக ஆக மலையில் உள்ள அத்தனை அட்டையும் அந்த அறையின் வெளிச்சுவரில் வந்து குடியேறின. ஓட்டிலிருந்து தரைவரை கறுப்பாக, ஈரமாக, பொறுமையாகக் காத்திருந்தன. இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. தோட்டத்தில் ஒரு அட்டைகூட மிச்சமில்லை. ஆடி மழையில் ஏலப்பழம் எடுக்கப் போன பெண்கள் வெறுங்காலோடு போய், ரத்தக்கறை இல்லாத கணுக்காலோடு திரும்பி வந்தார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் பூசுவதையே மறந்துபோனார்கள். வாசலில் உட்கார்ந்து விரல் பார்ப்பதை மட்டும் யாரும் விடவில்லை.

2017-இல் கீழே பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அட்டை புகுந்தது. அவர்களுடையது புதுக் கம்ப்யூட்டர்தான், ஓட்டை அடைக்கிற மருந்தும் வந்திருந்தது. பூசத்தான் யாருக்கும் நேரமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்த எக்ஸ்ரே படங்களெல்லாம் பால்போல வெளுத்துப்போயின. அட்டைகள் படத்திலிருந்த கறுப்பை முழுக்கக் குடித்துவிட்டிருந்தன. விலா எலும்பு எது, வெற்றிடம் எது என்று தெரியவில்லை. அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரர்கள் எட்டு நாள் நெஞ்சுக்குள் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டு திரிந்தார்கள்.

மகாவின் தகப்பனார் காசிமாயனும் அப்படிப் போர்த்திக்கொண்டவர்களில் ஒருவர். எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் முப்பது வருஷம் அடுப்புக்கு விறகு தள்ளியவர். 2009-இல் சளியில் ரத்தம் வந்து, டிபி என்று ஆறு மாதம் மாத்திரை தின்று குணமானார். நெஞ்சில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு நிழல் மட்டும் தங்கிவிட்டது. 2018 ஆடியில் இருமல் கூடிப்போய், அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் எபினேசர் அந்த ஊருக்குப் புதியவர். புதுப்படத்தில் நிழலைப் பார்த்தார், இது வளர்கிற கட்டியாக இருக்கலாம், திங்கட்கிழமை பத்து மணிக்குத் திறந்து எடுத்துவிட வேண்டும் என்றார். இந்த நெஞ்சைத் திறந்தால் எழுந்திருப்பாரா என்று கூட இருந்தவர்கள் கேட்டதற்கு, பாதிக்குப் பாதி என்றார். "இது பழசுங்கய்யா, ஒன்பது வருசமா எங்கூடத்தான் இருக்கு," என்று காசிமாயன் சொன்னதற்கு டாக்டர், பழைய படம் இருந்தால் காட்டுங்கள், அளவு மாறவில்லை என்றால் நான் தொடவே மாட்டேன் என்றார். அங்கிருந்த பழைய படம் வெளுத்துப்போயிருந்தது. உலகத்தில் அந்தப் பழைய நிழல் மிச்சமிருந்த ஒரே இடம் கரும்பாறை எக்ஸ்ரே அறை.

அந்த வாரம் மலை சரிந்து பாதை மூன்று இடத்தில் அறுந்தது. ஜீப்பு, பஸ்சு எதுவும் ஓடவில்லை. செல்போன் டவர் சாய்ந்துவிட்டது. உயிரோடு இருந்தது டெலிபோன் வயர் ஒன்றுதான். ஞாயிறு காலையில் அதில் ராம்பிரசாத் கூப்பிட்டான், ஆஸ்பத்திரியில் காசிமாயன் பக்கத்தில் இருந்துதான் பேசினான்.

"அக்கா, சுருட்டி வச்ச வயரை எடுத்துச் சொருகுங்க. படத்தை அனுப்புங்க, புடுங்கிருங்க. அஞ்சே நிமிசம். அன்னைக்கு வேணாம்னு சொன்னவனே சொல்றேன். அப்பா உசுரு பெருசுக்கா."

"அஞ்சு நிமிசத்துல அட்டை ஏறுமா தம்பி?"

"ஏறும்க்கா."

மகா வயரை ஆணியிலிருந்து எடுத்தாள். தேர் தெருமுனையில் திரும்பும்போது ஜனம் தலை தூக்குமே, அப்படி வெளிச்சுவரில் இருந்த அத்தனை அட்டையும் ஒரே நேரத்தில் தலை தூக்கின. சுவர் கனம் ஒரு சாண் கூடியது போலிருந்தது. ஒச்சம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றாள்.

"சொருகுறதா இருந்தாச் சொல்லு மகா, நான் வெளிய போயிக்கிறேன். எனக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்கப்பன் ஒருத்தரு ஆத்தா. உள்ள நாலாயிரம் பேரு நெஞ்சு கெடக்கு. என் நெஞ்சும் அதுலதான் இருக்கு. நீ எதைச் செஞ்சாலும் நான் உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மகா வயரின் நுனியைக் கம்ப்யூட்டர்வரை கொண்டுபோனாள் என்கிறார்கள். கொண்டுபோக மாட்டாளா பின்னே, பெற்றவர் அல்லவா. கடைசியில் வயரை மறுபடி ஆணியில் மாட்டினாள். தகரப்பெட்டித் தட்டை எடுத்துப் போகலாம் என்றால், கீழே உள்ள புதுக் கம்ப்யூட்டர்களுக்குத் தட்டு போடுகிற வாயே கிடையாது. செல்போனில் எடுத்த படத்தை நம்பிக் கத்தியைக் கீழே வைக்க முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்போதுதான் அலமாரியின் அடித்தட்டில், தேதி தாண்டிய எக்ஸ்ரே பிலிம் இரண்டு இருப்பது நினைவுக்கு வந்தது. பிலிம் அடிக்கிற மெஷினை ஐந்து வருஷமாக யாரும் தொட்டதில்லை. ஜெனரேட்டர் போட்டு, சூடாக்கி, முதல் பிலிமை அடித்தாள். புகைமூட்டமாக வந்தது. இரண்டாவதை உள்ளே தள்ளும்போது ஒச்சம்மாள் கறுப்பசாமியைக் கூப்பிட்டாள். அதில் காசிமாயனின் 2009 நெஞ்சு தெளிவாக விழுந்தது, நிழலோடு. படம் வெளியே வந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. அட்டைகள் தலையைத் தொங்கப்போட்டன.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மகா பிலிமை ஏலக்காய்ச் சாக்கின் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, முதுகில் கட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கினாள். சரிந்த மண்ணில் முழங்கால்வரை புதைந்தாள், ஓடைகளை வேர் பிடித்துத் தாண்டினாள். மூன்று மணி நேரம் ஆடி மழையில் நடந்தும் அவள் காலில் ஒரு அட்டை ஏறவில்லை. மலையடிவாரத்து முந்தலில் ஒரு தக்காளி வண்டி ஏற்றிக்கொண்டது. ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். டாக்டர் எபினேசர் பழைய பிலிமையும் புதிய பிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். நிழல்மேல் நிழல் சரியாக உட்கார்ந்தது, ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. அவர் கையுறையைக் கழற்றினார்.

நெஞ்சு மயிரை மழித்து, பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த காசிமாயன் மகளைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"நடந்தா வந்த ஆத்தா? இப்பிடி உக்காரு. காலைக் காட்டு."

சேறு அப்பிய காலை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஒரு விரலையும் விடவில்லை. பத்தும் பார்த்து முடித்தபின் நிமிர்ந்தார்.

"ஒண்ணுகூட இல்லையே. எங்க போச்சு எல்லாம்?"

"அங்கதான்ப்பா. நம்ம செவுத்துல உக்காந்திருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார் அவர். "நேத்து ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி குடுக்கல. வெரசா ரெண்டு இட்லி வாங்கியா."

பிறகு ஆறு வருஷம் இருந்து, அந்த நிழலோடேயே, தூக்கத்தில் போனார். போன வருஷம் எஸ்டேட்காரர்கள் புது மெஷின் வாங்கித் தருகிறோம், பழசைத் தூக்கிவிடலாம் என்று வந்தபோது, பழம் எடுக்கிற பெண்கள் ஆபீஸ் முன்னால் போய் நின்றார்கள். புதுசை வாங்குங்கள், பக்கத்து அறையில் வையுங்கள், பழசை மட்டும் அணைக்காதீர்கள், அணைத்தால் அதுகள் எங்கள் காலுக்குத் திரும்பிவிடும் என்றார்கள். அதில் நியாயம் இருந்ததால் அப்படியே செய்தார்கள். இன்றைக்கும் அது ஓடுகிறது. வயர் ஆணியில் தொங்குகிறது. சுவர் கறுப்பாக இருக்கிறது. மகா காலையில் வந்ததும் ஜன்னல் விளிம்பில் உப்புப் போடுகிறாள், பிறகு டீ குடிக்கிறாள்.

மழை விட்டுவிட்டது, கிளம்புங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் உப்பு முடிச்சு ஈரம் கோக்காமல் இருக்கட்டும். வெளியே போய் வருகிறவர் காலைப் பார்க்க உள்ளே ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். யார் நெஞ்சிலாவது நிழல் இருந்தால், அது பழைய நிழலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.