நாற்பத்தைந்தில் வரும் நடுக்கம்

"சனிக்கிழமை டயாலிசிஸுக்கு வெல்மா போகல," என்றார் எய்னார், பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக. "இன்னைக்கும் வரமாட்டேங்கறா. வண்டி நடுங்கறதுல ஊசி குத்தற கை வலிக்குதாம். நடுக்கம் நின்னாத்தான் ஏறுவாளாம்."

மெக்கானிக் டோரீன் காபிக் குவளையைக் கீழே வைத்தாள். "எப்பப் போகணும்?"

"மத்தியானம். இன்னொரு தடவை தவறினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"சக்கரத்துக்குள்ள ஐஸ் கட்டியிருக்கும்யா. உன் தாடியில கட்டியிருக்கற மாதிரி."

"சுரண்டிட்டேன். டயரெல்லாம் பேலன்ஸ் பண்ணிட்டேன். வாயை மூடிட்டு வண்டியை எடு."

எடுத்தாள். ஏரிக்கரைச் சாலை வெள்ளையாக உறைந்து கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்க, பிக்கப் வேகம் பிடித்தது. நாற்பத்தைந்து மைலைத் தொட்டதுதான் தாமதம், தரையிலிருந்து கிளம்பிய நடுக்கம் இருக்கை வழியாக எய்னாரின் தாடையில் வந்து நின்றது. இதைத்தான் அவர் மனைவி வெல்மா செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று முறை தாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஸ்டீயரிங் ஆடல, தரைதான் ஆடுது. அப்ப டயர் இல்ல," என்றாள் டோரீன். பனி சுரண்டி உப்புப் போட்டிருந்த நேர்ச்சாலை வந்ததும் முன் சக்கரங்களின் இழுவையைத் துண்டித்தாள். அதே வேகம். நடுக்கம் செத்துப்போயிற்று.

"முன் ஷாஃப்ட்," என்றாள். "முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோற தண்டு."

பட்டறையில் வண்டியின் அடியில் புகுந்தாள். ஷாஃப்ட்டின் இணைப்புகளைப் பிடித்து உலுக்கினாள். ஒன்றிலும் ஆட்டமில்லை. ஆனால் ஷாஃப்ட் இருக்கவேண்டியதைவிட அதிகமாகச் சாய்ந்து கிடந்தது. வெளியே வந்தவள், எய்னாரை முறைத்தாள்.

"வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்குது. அதுலதான் ஷாஃப்ட் சாஞ்சு நடுங்குது. முன்பக்கத்தை உசத்தற போல்ட்டை யாரு முறுக்கினது?"

"நான்தான். பனி தள்ற பிளேடை மாட்டினா முன்னாடி தொங்குச்சு. இந்த ஊர்ல யாரு முறுக்காம விட்டான்?"

"எல்லாரும் முறுக்குவான். குளிர்காலம் முழுக்க பிளேடைக் கழட்டவும் மாட்டான். அந்தக் கனத்துல வண்டி பழையபடி அமுங்கி நிக்கும். உன் பிளேடு எங்க?"

"கொட்டகையில." எய்னாரின் குரல் இறங்கியது. "அதோட சங்கிலிச் சத்தம் அவளுக்கு ஆகாது. ஆஸ்பத்திரி போற நாள்ல, வீட்டுப் பாதையைத் தள்ளி முடிச்சதும் கழட்டிடுவேன்."

டோரீன் ஸ்பேனரை எடுத்தாள். அவளுக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்துவிட்டது. வெல்மாவுக்காகக் கழற்றிய ஒவ்வொரு நாளும் கனம் போய் முன்பக்கம் எகிறியிருக்கிறது. நடுக்கத்தை அவர் தன் கையாலேயே கொடுத்திருக்கிறார்.

"போல்ட்டைத் தளர்த்தி இறக்கிடறேன்," என்றாள் டோரீன். "பிளேடு மாட்டறப்ப எடைக்கு பின்னாடிக் கடைசியில மண்மூட்டையைப் போடு. கொஞ்சம் தொங்கினா தொங்கிட்டுப் போகுது."

வெல்மா கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். "சரியாயிடுச்சா?" என்றாள். அவர் தலையாட்டினார். நடுக்கம் நின்றால் ஏறுவதாக வாக்குக் கொடுத்தவள், எழுந்தாள்.

பனி கொட்டத் தொடங்கியிருந்தது. முப்பது. நாற்பது. எய்னார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தைந்து. நாலு சக்கரமும் இழுத்தும் வண்டி நடுங்காமல் ஓடியது.

வெல்மா கையை மடியில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்தாள்.

"நிக்காதுன்னு நினைச்சேன்," என்றாள்.

"என்னம்மா?"

"நடுக்கம் நிக்காதுன்னு நம்பித்தான், நின்னா ஏறுவேன்னு சொன்னேன். நீ விடமாட்டேன்னு தெரியாமப் போச்சு, பிடிவாதக்காரக் கிழவா. இந்த டயாலிசிஸே எனக்கு அலுத்துப்போச்சு, எய்னார்."

எய்னாரின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும்பியது. வேகம் தானாகக் குறைந்தது. ஓரம்கட்டி நிறுத்தினார். வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குத் திருப்பட்டுமா?" இதைக் கேட்க அவருக்கு இருந்த தைரியமெல்லாம் செலவாகிவிட்டது.

அவள் அவர் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பட்டறைக் கிரீஸ் அப்படியே இருந்தது.

"இன்னைக்குப் போகலாம்," என்றாள். "வியாழக்கிழமையை வியாழக்கிழமை பேசிக்கலாம்."

அவர் கியரைப் போட்டார்.