பரஞ்சோதி போட்ட தாழ்ப்பாள்

எழுபத்தெட்டாம் வருஷம் ஜூலியஸை மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரை கொடுத்து, இனி வீட்டில் இருக்கலாம் என்றார் டாக்டர். வீடுதான் இல்லை. தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருப்பான லயத்தில் இடமில்லை என்றார் அவன் அண்ணன். அதே லயத்தில் அவருடைய இரண்டு ஆட்டுக்கும் ஒரு சண்டைச் சேவலுக்கும் இடம் இருந்தது.

கோலா கெத்தில் என்ற எங்கள் ஊரின் மாதா கோயில் சபையில் நான் பேசினேன். ஜூலியஸின் அறை வாடகையைச் சபையே கட்டும் என்று முடிவானது. எல்லாரும் கை தட்டினார்கள். அறை மட்டும் யாரும் தரவில்லை. ஆள் யார் என்று சொன்னதுமே, காலியாகக் கிடந்த அறைக்கெல்லாம் வீட்டுக்காரரின் மருமகன் குடிவர இருந்தார்.

கடைசியில் மளிகைக்கடை பரஞ்சோதி, கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தார். மனுஷன் என்றால் இவர்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஜூலியஸைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டில் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. கதவில் புதுத் தாழ்ப்பாள் மின்னியது, வெளிப்பக்கம். உள்பக்கம் ஒன்றுமே இல்லை.

"என்னங்க இது?" என்றேன்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்லா," என்றார் பரஞ்சோதி. "ராத்திரியில மட்டும் போடுவேன்."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜூலியஸ் கதவைச் சாத்தினான், திறந்தான், தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான்.

"பெர்னார்ட் அண்ணே, ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் பூட்டுவாங்க," என்றான் என்னிடம். "ஆனா அங்க வாடகை வாங்கல."